பூஜ்யம் எண் புகை

எங்கள் மையத்தில் ஒப்பீடு தொடங்குவதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. அதைத் திறப்பு விழாக் கல்வெட்டிலேயே செதுக்கியும் விட்டார்கள்: ‘நிலக்கரியினும் பயோமாஸே தூயது.’ கல்வெட்டு மாற்ற முடியாதது. ஆகவே ஒப்பிட வேண்டிய வேலை மட்டும்தான் பாக்கி இருந்தது.

மும்பை செம்பூரில் இருக்கும் தூய எரிபொருள் ஒப்பீட்டு மையத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளன். பெயர் சுந்தரராமன். வீடு மாட்டுங்காவில். பயோமாஸ் என்பது பெரிய விஷயம் இல்லை; கடலைத்தோல், கரும்புச் சக்கை, மரத்தூள் என்று அண்மையில் செடியாகவோ மரமாகவோ இருந்த எதுவும் பயோமாஸ்தான். அதை இயந்திரத்தில் இறுக்கி, கை மொத்தத்துக்கு உருளைக் கட்டையாக்கி விற்கிறார்கள். பட்டறைக்காரர்கள் நிலக்கரியை விட்டு இந்தக் கட்டைக்கு மாறினார்களா என்று போய்ப் பார்த்துப் புகைக்கு எண் போடுவது என் வேலை.

எண் எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். அழகான கருவி அது. ஒரு வெள்ளை அட்டை. அதில் வரிசையாக ஆறு கட்டங்கள். முதல் கட்டம் வெறும் வெள்ளை; அது பூஜ்யம். இரண்டாவதில் மெல்லிய கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அடுத்தடுத்த கட்டங்களில் கோடுகள் தடித்துக்கொண்டே போய், ஆறாவது கட்டம் முழுக் கறுப்பு, அது ஐந்து. அட்டையைத் தள்ளி நிறுத்திப் பார்த்தால் கோடுகள் மறைந்து சாம்பல் நிறமாகத் தெரியும். அதற்குப் பின்னால் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தின் நிறமும் புகையின் நிறமும் பொருந்துகிறதோ, அதுதான் எண். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம், கண் மட்டும் போதும்.

அட்டைக்கு ஒரே ஒரு குறை உண்டு. அதற்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும்.

தாராவியில் மன்சூர் அலியின் சாயப் பட்டறைக்கு நான் முதலில் போனது செப்டம்பரில். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். பதினொரு பேர் வேலை செய்தார்கள். துணியில் சாயம் பிடிக்க வெந்நீரும் நீராவியும் வேண்டும். அதற்கு ஒரு சிறிய பாய்லர். பாய்லருக்கு மேலே தட்டிப் பலகை போட்ட மாடியில் அவர் மனைவி நூர் நிஷா உட்கார்ந்து, காய்ந்த துணிகளில் நூல் பிசிறு வெட்டுவார். அவருக்கு மூச்சிழைப்பு உண்டு. உறிஞ்சுகிற மருந்துக் குப்பி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும்.

அன்று மன்சூர் அலி எரித்துக்கொண்டிருந்தது நிலக்கரி. ஆனாலும் அவர் தீ போடும் விதத்தைப் பார்த்து நான் அங்கேயே நின்றுவிட்டேன். கரியை எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, கம்பித் தட்டின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புவார். ஒரே தடவையில் அள்ளிப் போட மாட்டார், கொஞ்சம் கொஞ்சமாக. கீழே காற்றுக் கதவை விரற்கடை அளவுக்குத் திறந்து வைத்து, சிறிய ஓட்டை வழியாகத் தீயின் நிறம் பார்ப்பார். எரிபொருள் சூடானதும் முதலில் வியர்க்கும், பிறகு வாயுவை விடும். அந்த வாயு சூடான இடத்தில், போதுமான காற்றோடு எரிந்தால் புகையே கிடையாது. காற்று குறைந்தால் பாதி எரிந்து கரிப்பொடியாகப் போகும். அது கறுப்புப் புகை. சூடே இல்லாவிட்டால் வாயு எரியாமலே வெளியே வந்து குளிர்ந்து துளித்துளியாகும்; அது வெள்ளைப் புகை. இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. அவர் ஓட்டை வழியாகப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார்.

"கரி கூடாதுன்னு உத்தரவு, பாய். டிசம்பருக்குள்ள மாறலைன்னா பாய்லருக்கு சீல் வச்சுடுவா" என்றேன்.

"மாறுதேன் சார். எனக்கென்ன கரி மேல ஆசையா? கேக்க வேண்டியதக் கேட்டுட்டு மாறுதேன்."

கேட்க வேண்டியதைக் கேட்க அவரை மையத்துக்கு வரச் சொன்னார்கள். தலைவர் விஜயலக்ஷ்மி மேடம், ஆலோசகர் நிகில், குறிப்பு எழுத நான். நிகில் இளைஞன். கோபர்கைரனேயில் வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அதனால் தமிழில் வரும் மனுக்கள் எல்லாம் அவனிடம்தான் போகும்.

"பயோமாஸ் எரியறச்சே வர்ற கார்பனை நாங்க எண்றதில்லை" என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். "செடி வளர்றச்சே காத்துலேர்ந்து எடுத்துண்டது. அதையேதான் திருப்பித் தரது. அதனால சுத்தம்."

"கரியும் ஒரு காலத்துல மரந்தான மேடம்? அதுவும் காத்துல இருந்துதான எடுத்திருக்கும்?"

நிகில் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைமிங் பிராப்ளம், பாய். கோயலா பச்சீஸ் கரோட் சால் லேட்டா தருது" என்றான்.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதச் சொன்னார்கள், எழுதினேன்: ‘எடுத்துக்கொண்ட கார்பனைத் திருப்பித் தருவதில் நிலக்கரி இருபத்தைந்து கோடி ஆண்டுகள் தாமதம் செய்துள்ளது. தாமதத்துக்கான காரணம் நிலக்கரித் தரப்பில் விளக்கப்படவில்லை.’

மன்சூர் அலி மாறினார். ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: கல்வெட்டில் இருந்தது பொய் இல்லை. நன்றாக உலர்ந்த கடலைத்தோல் கட்டை, தெரிந்தவர் கையில், நிலக்கரியைவிட நல்ல எரிபொருள்தான். கந்தகம் குறைவு, சாம்பல் குறைவு. அவர் கட்டைகளை மாடிப்படிக்குக் கீழே, பாய்லரின் வெக்கை படுகிற இடத்தில் அடுக்கி, நாலு நாள் காயவைத்துத்தான் போட்டார். நான் ஒரு மதியம் போய்ப் பார்த்தபோது புகைபோக்கியின் வாயில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தது. நூர் நிஷா மாடியிலிருந்து தலையை நீட்டி, "சார், இந்த மாசம் மருந்துக் குப்பி ஒண்ணு மிச்சம்" என்றார்.

ஆனால் விதிப்படி அளவு எடுக்க வேண்டியது மதியம் இல்லை. காலை பத்தரைக்கு, தீ மூட்டிய முதல் ஐந்து நிமிடம். எந்தத் தீயும் முதல் இரண்டு நிமிடம் திணறும், அடுப்பு சூடேறியிருக்காது. லேசான சாம்பல் நிறப் புகை வந்தது. அட்டையைப் பிடித்தேன். ஒன்று. அதையே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் அவருக்கு நோட்டீஸ் போனது: நிலக்கரி எரித்த குற்றம்.

நான் மேடத்திடம் ஓடினேன். அவர் எனக்கு விளக்கினார். பயோமாஸ் சுத்தமானது. சுத்தமானதற்கு எண் பூஜ்யம். இவருக்கு ஒன்று வந்திருக்கிறது. ஆகவே இவர் எரிப்பது பயோமாஸ் அல்ல. பட்டியலில் மீதம் இருப்பது நிலக்கரி மட்டும்தான்.

மறுநாள் மன்சூர் அலி ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். மேசையின் மேல் ஒரு கட்டையை வைத்து உள்ளங்கையால் ஒடித்தார். கடலைத்தோல் பொலபொலவென்று கொட்டியது.

"இதுல எங்கன மேடம் கரி இருக்கு?"

மேடம் ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பார்க்கக் கடலைத்தோல் மாதிரிதான் இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல கரின்னா இருக்கு?"

"மோந்து பாருங்க."

"மோந்து பார்க்கறதுக்குப் படிவம் இல்லை, பாய்."

"ஒரு ஃபார்ம் இருக்கு மேடம்" என்றான் நிகில். இருந்தது. ‘நிலக்கரியென வகைப்படுத்தப்பட்ட கடலைத்தோலை மீண்டும் கடலைத்தோலாக அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்.’ மூன்று பிரதிகள். இணைப்பு: பூஜ்யம் எண் புகைக்கான சான்று.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். என் சுபாவம் அப்படி. ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று யாருக்காவது தெரியவில்லை என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. வெள்ளைப் பலகையில் அடுப்பு வரைந்தேன், காற்று வரைந்தேன்.

"அட்டைமேலதான் குறை, மேடம். அதுக்குக் கறுப்பு மட்டுந்தான் தெரியும். இதே கட்டையை இவர் தண்ணில ஊறப்போட்டு எரிச்சார்னு வச்சுக்குங்கோ. சூடெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே போயிடும். தீ பிடிக்காது. வாயு எரியாமலே வெள்ளையா வரும். தெரு பூரா இருமும். ஆனா அட்டை பூஜ்யம்னு காட்டும். அவ்வளவு அபத்தம் இது."

மேடம் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்வதைக் கேட்டு யாரும் எழுதிக்கொண்டது அதுவே முதல் தடவை. இன்னும் விரிவாகச் சொன்னேன். எத்தனை கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்றுகூடச் சொன்னேன்.

பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. ‘சுந்தரராமன் ஈரப்படுத்தல் முறை.’ கட்டைகளை எரிப்பதற்கு முன் தொட்டியில் இருபது நிமிடம் ஊறவைக்க வேண்டும். தொட்டியின் படமும் இருந்தது. நான் பலகையில் வரைந்த அதே அடுப்பு.

பாராட்டுக் கூட்டம் மையத்தின் பெரிய அறையில் நடந்தது. மேடம் பேசினார்: "இத்தனை வருஷமா நாம புகையைக் குறைக்கப் பார்த்தோம். அதுக்கு பாய்லரை மாத்தணும், பட்டறைக்காராளுக்குச் சொல்லித் தரணும், நாமளும் கத்துக்கணும். எவ்வளவு சிரமம். சுந்தரராமன் அதுல எதையுமே தொடலை. அட்டைக்கு என்ன பிடிக்கும்னு மட்டும் பார்த்தார். இனிமே மும்பைல கறுப்புப் புகை இருக்காது. புகை இருக்கலாம். அது நம்ம பொறுப்புல வராது."

"மேடம், நான் அதைக் குறையாத்தான்..." என்று எழுந்தேன்.

"அடக்கம்" என்றார் மேடம். எல்லோரும் கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். அந்த நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசியிருக்கலாம். கைதட்டல் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் சமோசா வந்துவிட்டது.

புதிய முறையின் முதல் செயல்விளக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் மன்சூர் அலியின் பட்டறை. டிசம்பர் கடைசி நாள். அன்று பூஜ்யம் வந்தால் சான்றிதழ், வராவிட்டால் சீல். மற்றவர்கள் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். அவர் சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"சார், ஒங்க பேரு போட்டுக் காயிதம் வந்திருக்கு. தீயத் தொட்டில முக்கணுமாம். நீங்களா சொன்னிய?"

"நான் சொன்னது வேற, பாய். அதாவது வாயு எரியறதுக்கு..."

"வெளக்கமெல்லாம் இருக்கட்டும் சார். நீங்க வெளக்குனா நல்லாத்தான் இருக்கும். முக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா நான் முக்கல. அவ மேல இருக்கா."

மாடியில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொரு பேரும் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு முக்கிடுங்கோ" என்றேன். "சர்டிபிகேட் கைக்கு வந்துடட்டும். அப்பறம் பார்த்துக்கலாம்."

"நல்ல தீயக் கெடுக்கச் சொல்லுதிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தொட்டியில் தண்ணீர் திறந்தார்.

பத்தரைக்கு மூட்டினார். புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை பிதுங்கி வந்தது, தலையணை கிழிந்த மாதிரி. குளிர்காலக் காலையில் புகை மேலே போகாது. கூரைகளின் மேல் புரண்டு சந்துக்குள் இறங்கியது. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள். ஒரு பெண், "க்யா ஜலா ரஹே ஹோ, பாய்?" என்று, எதை எரிக்கிறீர்கள் எனக் கேட்டுக் கத்தினாள். நான் அட்டையைப் பிடித்தேன். அட்டையும் புகையும் ஒரே வெள்ளை.

"பூஜ்யம்" என்றேன்.

மேடம் கை தட்டப் போய் இருமினார். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "இது எதனால சுந்தரராமன்?" என்று கேட்டார்.

"புகை, மேடம்."

"எந்தப் புகை? இப்பத்தானே பூஜ்யம்னேள்?"

இருமல் பருவநிலை காரணமாக ஏற்பட்டது என்று குறிப்பில் பதிவானது. மேடத்தின் இருமல், நிகிலின் இருமல், என்னுடையது. மாடியிலிருந்து கேட்ட இருமல் படிவத்தில் வரவில்லை. படிவம் வந்திருந்த அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. சான்றிதழைக் கொடுத்துவிட்டு நாங்கள் வாசற்படி இறங்கும்போது நூர் நிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், சுத்தமான பொகைன்னு சொன்னாவ. பெறகு ஏன் சார் நெஞ்சு இப்பிடி இழுக்கு?"

எனக்கு விடை தெரியும். துளிகள் எவ்வளவு சிறியவை, எதுவரை உள்ளே போகும் என்று தெரியும். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்மா" என்றேன்.

ஒரு நாள் என்று நான் சொன்னது ஒரு நாளோடு முடியவில்லை. சான்றிதழின் பின்பக்கத்தில், எந்த நாளிலும் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடக்கும் என்று இருந்தது. ஆகவே மன்சூர் அலி தினமும் முக்கினார். ஈரக் கட்டையில் நீராவி ஏறாது. சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஒரு கட்டை போட்ட இடத்தில் இரண்டு போட வேண்டியிருந்தது. தாராவி முழுக்க அப்படித்தான். மையத்தின் அறிக்கையில் ‘பயோமாஸ் பயன்பாடு ஒரே காலாண்டில் இரு மடங்கு’ என்று வந்தது. கூடவே என் புகைப்படமும்.

பிப்ரவரியில் நூர் நிஷாவை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இதை எனக்கு மன்சூர் அலி சொல்லவில்லை. பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், பஸ்ஸில் பக்கத்தில் நின்றபோது சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. சாத்துக்குடி வாங்கினேன், அதை வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டோம்.

நூர் நிஷா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மன்சூர் அலி முக்குவதை நிறுத்திவிட்டார். ஒரு மதியம் ரயில்வே மேம்பாலத்திலிருந்து பார்த்தேன். கூரைகளின் மேல் அத்தனை புகைபோக்கிகளும் வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருக்க, அவருடையது மட்டும் சும்மா நின்றது. நான் ரயிலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மார்ச்சில் மேடம் கூப்பிட்டார். "தாராவில ஒரு பட்டறைல வெள்ளைப் புகையே காணோமாம். கண்டிப்பா ஏதோ தப்பு நடக்கறது. நீங்களும் நிகிலும் போங்கோ. பூஜ்யம் வரலைன்னா அங்கேயே சீல்."

பத்தரைக்குப் போனோம். மன்சூர் அலி எங்களைப் பார்த்ததும், முக்கவா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. உலர்ந்த கட்டைகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றுக் கதவைத் திறந்து, மூட்டினார். நூர் நிஷா படியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின் அன்றுதான் பட்டறைக்கு வந்திருக்கிறார். வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நான் சந்தில் நின்று அட்டையைத் தூக்கினேன். தீ முதலில் திணறியது. மெல்லிய சாம்பல் நிறம், ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகு அதுவும் போய், புகைபோக்கிக்கு மேல் வானம் நெளிந்தது. சான்றிதழ் பெற்ற வேறு எந்தப் பட்டறையிலும் அப்படி ஒரு தீ கிடையாது.

நிகில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். புகைபோக்கியை அவன் பார்க்கவே இல்லை. பேச்சுக்கு நடுவில் போனைக் கையால் மூடி, "அங்கிள், ஃபில் பண்ணிடறேன். ஜீரோதானே?" என்றான்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். மன்சூர் அலி பாய்லர் கதவருகே குந்தி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் நூர் நிஷாவிடம் ஒரு பொய்யை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இப்போது சொல்ல வேண்டியது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

"ஒண்ணு" என்றேன்.

நிகில் போனை வைத்தான். "பக்கா?"

"ஒண்ணுதான். அட்டைல அப்படித்தான் இருக்கு."

அவன் எழுதினான். சீல் வைக்கும் கம்பியையும் ஈயத்தையும் பையிலிருந்து எடுத்தான். எரிகிற பாய்லருக்கு சீல் வைக்க முடியாது, முதலில் தீயை எடுக்க வேண்டும். நிகில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டான். சூட்டோடு தண்ணீர் பட்டால் இரும்புத் தகடு வெடிப்பு விடும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மன்சூர் அலி நீளக் கம்பியால் கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, இரும்புத் தகட்டின் மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினார். ஒவ்வொன்றும் தனித்தனியாக அணைந்தது. பதினொரு பேரும் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். நூர் நிஷா படியில் ஒதுங்கி இடம் விட்டார்.

ஈயத்தை நசுக்கிய பிறகு நிகில் படிவத்தை நீட்டினான். மன்சூர் அலி கையைத் துணியில் துடைத்து வாங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கிய சார்" என்றார் என்னிடம். "நானும் பாத்தேன். ஒண்ணுதான் இருந்திச்சி."

நான் நன்றி சொன்னேன்.